மகளைக் கொன்றவனை யாரும் விசாரிக்கவில்லை

கிளைடெம்னெஸ்ட்ரா என்றதும் ‘புருஷனைக் கொன்றவள்’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் புருஷன் ஆகமெம்னானை மட்டும் ஏன் யாரும் ‘மகளைக் கொன்றவன்’ என்று அறிமுகப்படுத்துவதில்லை? அவன் அரசன், படைத்தலைவன், டிராய் நகரத்தை வென்றவன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

கி.மு. 458இல் கிரேக்க நாடகாசிரியர் எஸ்கைலஸ் ஏதென்ஸில் மேடையேற்றிய ‘ஒரெஸ்தெயா’ மூன்று நாடகங்களின் தொடர். எதிர்க்காற்றில் டிராய்க்குப் போக வேண்டிய கப்பல்கள் கிளம்ப முடியாமல் கிடக்கின்றன. மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால்தான் வழி என்று குறி சொல்கிறார்கள். ஆகமெம்னான் தவிக்கிறான், அழுகிறான், கடைசியில் கொடுத்தே விடுகிறான். எதற்காக? தம்பி பெண்டாட்டியை மீட்கும் போருக்காக.

பத்தாம் வருடம் திரும்பி வருகிறான். கூடவே கசாண்ட்ரா. டிராய் அரசனின் மகள், இப்போது இவனுடைய போர்ப் பரிசு. ‘இவளை அன்பாக உள்ளே கூட்டிப்போ’ என்று மனைவியிடமே சொல்கிறான். ஊர்ப் பெரியவர்களாக மேடையில் பாடிப் பேசும் குழுவான கோரஸுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கிளைடெம்னெஸ்ட்ரா காதலன் ஏகிஸ்தஸோடு வாழ்ந்ததுதான் மானக்கேடு.

இந்தப் பெரியவர்கள் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். மலைக்கு மலை தீ மூட்டவைத்து, டிராய் விழுந்த சேதியை எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவள் கிளைடெம்னெஸ்ட்ரா. தெளிவாக எடுத்துச் சொன்னதும், ‘விவேகமுள்ள ஆணைப்போல் பேசுகிறாய், அம்மா’ என்கிறார்கள். அவள் அந்தப்பக்கம் போனதும், பெண்பிள்ளை எதையும் சட்டென்று நம்பிவிடுவாள் என்று பேச்சு மாறுகிறது. தூதுவன் வந்து சொன்ன பிறகுதான் சேதி உண்மையாகிறது.

அவள் ஆகமெம்னானைக் கொன்றதும் அவளை நாடு கடத்த வேண்டும் என்கிறார்கள். அவள் திருப்பிக் கேட்கிறாள்: மந்தை மந்தையாய் ஆடு இருக்கும்போது நான் வலித்துப் பெற்ற பிள்ளையை ஆடு மாதிரி பலியிட்டானே, அவனையல்லவா நீங்கள் துரத்தியிருக்க வேண்டும்? இதற்கு அவர்களிடம் பதில் இல்லை. ‘உனக்குத் திமிர், உனக்கு வெறி’ என்கிறார்கள்.

நான் அவளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. கசாண்ட்ராவையும் அவள்தான் கொல்கிறாள். ஊரை இழந்து, அடிமையாக இழுத்து வரப்பட்ட பெண் அவள். அந்தக் கொலையை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது. ஆனால் கொலை குற்றம் என்றால், அது அந்த வீட்டில் எல்லோருக்கும் குற்றமாக இருக்க வேண்டாமா?

அடுத்து மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். மூன்றாவது நாடகத்தில் அவனுக்கு நீதிமன்றம் கூடுகிறது, வாதாட அப்போலோ கடவுளே வருகிறான். அவன் வைக்கும் வாதத்தை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். தாய் பெற்றவளே அல்லவாம், தந்தையின் விதையைக் காத்து வளர்ப்பவள் மட்டும்தானாம். தேவி அதீனா, தனக்குத் தாய் இல்லை, தான் ஆண் பக்கமே என்று சொல்லி ஒரெஸ்டஸுக்கு வாக்களிக்கிறாள். வாக்குகள் சமம். அவன் விடுதலை.

பலிபீடத்தில் இஃபிஜீனியாவின் வாயைக் கட்டச் சொன்னது அவளுடைய அப்பாதான். சாகும்போது சபித்தால் வீட்டுக்கு ஆகாதாம். அதே அப்பாவின் விருந்துகளில் பாடிய பெண் அவள். வாய் கட்டுண்ட நிலையில் கண்களாலேயே ஒவ்வொருவராகப் பார்த்து இரங்கக் கேட்டாள் என்று முதல் நாடகத்தில் கோரஸ் சொல்கிறது. மூன்றாவது நாடகத்தில் அவ்வளவு பெரிய விசாரணை நடக்கிறது. அவள் பெயரை அங்கே ஒருவர்கூட எடுக்கவில்லை.