முகத்தைப் பார்த்து எஞ்சினுக்கு அழகு சொல்லாதீர்கள்

"உலகத்திலேயே அவலட்சணமான டீசல் எஞ்சின் எது?" என்று ரயில் ரசிகர் குழுக்களில் யாராவது கேட்டால் போதும், நம்மவர்கள் வரிசையாகப் படம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாம் முகப் படங்கள். தண்டவாளத்துக்கு நேரே நின்று எடுத்தவை. கீழே "மூஞ்சியைப் பாருங்கள்" என்று ஒரு வரி. இந்த முறை எனக்குச் சரியாகப் படவில்லை. அதிலும் இலங்கை மலையகத்தில் இருக்கிற நாம் இப்படித் தீர்ப்புச் சொல்வது கொஞ்சமும் பொருந்தாது.

நம் மலையக ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான வளைவுகள் ஐந்து சங்கிலி ஆரம், அதாவது ஏறக்குறைய 100 மீட்டர். அப்படி ஒரு வளைவை முழு வட்டமாக வரைந்தால் சுற்றளவு 630 மீட்டர்தான் வரும். எஞ்சினும் எட்டுப் பெட்டியுமாகச் சுமார் 180 மீட்டர் நீளமுள்ள ஒரு கோச்சி அந்த வட்டத்தில் கால்வாசிக்கும் மேல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கடைசிப் பெட்டி ஜன்னலில் இருப்பவருக்கு எஞ்சினின் பக்கவாட்டு முழுதாகத் தெரிகிறது. மேலே மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் தோட்டத்து லயத்து வாசலில் நிற்பவர்களுக்கும் தெரிவது அதன் கூரை. முகம் நமக்கு ஸ்டேஷனுக்குள் வரும்போது ஒரு நிமிடம் தெரியும், அவ்வளவுதான். நாம் எஞ்சினைப் பக்கவாட்டிலும் மேலேயிருந்தும் பார்க்கிற ஜனங்கள். தீர்ப்பும் அங்கிருந்து வரட்டும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி மாதிரி இருப்பது அவலட்சணம் இல்லை. மூக்கு நீண்டிருப்பதும் இல்லை. டிரைவரின் கண்ணையும் ஷெட்டில் வேலை செய்பவரின் கையையும் மறிக்கிற உடம்புதான் அவலட்சணம்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் பி.எல்.2. ஜெனரல் மோட்டார்ஸின் எலக்ட்ரோ மோட்டிவ் பிரிவு 1948, 1949 காலத்தில் கட்டியது. கிளைப்பாதைகளில் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி, ஷண்டிங் (பெட்டிகளை இழுத்துப் பிரித்துச் சேர்ப்பது) என்று எல்லாவற்றுக்கும் ஒரே எஞ்சின் வேண்டும் என்பது எண்ணம். அந்தக் காலத்து எஃப் வகை எஞ்சின்கள் வழுவழுப்பான முழு உடம்புக்காரர்கள். முன்னே பார்க்கலாம், பின்னே பார்க்க முடியாது. அதனால் பி.எல்.2இல் கெபினுக்குப் பின்னால் உடம்பின் இரு பக்கத்தையும் சரிவாகச் செதுக்கிவிட்டார்கள். பின்னே பார்க்க வழி கிடைத்தது. ஆனால் பாரத்தைச் சுமந்தது இன்னும் அந்தப் பக்கச் சட்டங்கள்தான். சட்டத்தை வெட்டிக் கதவு வைக்க முடியாது. உள்ளே இருக்கிற டீசல் எஞ்சினைத் தொட வேண்டுமென்றால் அதே பழைய சிரமம். செலவும் கூட. மொத்தம் 58தான் கட்டினார்கள். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தால் ஒரு பஸ்ஸையும் படகையும் பாதிப் பாதியாக ஒட்டியது போல இருக்கும். அந்தத் தோற்றம் தற்செயலாக வந்ததில்லை. உடம்பை மறைக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும் என்று இரண்டு மனதோடு வரைந்ததால் வந்தது.

அதற்கு அடுத்து 1949இல் வந்ததுதான் ஜி.பி.7. அதை வடிவமைத்த டிக் டில்வர்த், எந்த ரயில்வேயும் தன் தலைமையகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூச்சப்படுகிற அளவுக்கு அசிங்கமான ஒரு எஞ்சினைச் செய்யப்போவதாகவே சொன்னவர். தோற்றத்தைக் கைவிட்டுவிட்டு வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்தார். பலமெல்லாம் அடிச்சட்டத்தில். மேலே எஞ்சினை மூடியிருக்கிற மூக்கு வெறும் தகரக் கூடு. இரு பக்கமும் நடக்க ஓரப் பலகை, கைப்பிடிக் கம்பி, வரிசையாகக் கதவுகள். 2,700க்கும் மேல் விற்றது.

இப்போது நம் இலங்கை ரயில்வேயின் எம்2ஐ நினைத்துப் பாருங்கள். அதே குடும்பம்தான். ஜி12 என்கிற ஏற்றுமதி வகை, முதலில் வந்தவை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் கட்டியவை. கொழும்புத் திட்டம் என்கிற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து வர ஆரம்பித்தவை, மொத்தம் 14. 12 சிலிண்டர், 1,425 குதிரைவலு. பெரும்பாலானவை கனடாவின் மாகாணங்களின், நகரங்களின் பெயரைப் பக்கத்தில் தாங்கியவை. இலங்கையில் எந்த ரயில் ரசிகரைக் கேட்டாலும் எம்2ஐ அழகி என்பார். வேண்டுமென்றே அசிங்கமாகச் செய்த வடிவம் எழுபது வருடத்துக்குப் பிறகு நமக்கு அழகாகத் தெரிகிறது. பழசு என்கிற பாசம் மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. அந்த உடம்பில் மறைக்க எதுவும் இல்லை. அதுதான் காரணம்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நீண்ட மூக்கின் பக்கத்தில் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருக்கும், கை படுகிற இடம் அது. கதவைத் திறந்தால் நேரே எஞ்சின். ஓரப் பலகையில் நின்றபடியே வடிகட்டியைப் பார்க்கலாம், கசிவைப் பார்க்கலாம். ஒரு சிலிண்டர் பழுதானால் முழு எஞ்சினையும் இறக்கத் தேவையில்லை. பிஸ்டன், லைனர், தலை, இணைப்புத் தண்டு எல்லாம் ஒரே தொகுதியாக மேலே தூக்கி எடுக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கெபின் கண்ணாடி தட்டையானது. உடைந்தால் அளவெடுத்து வெட்டிப் போடலாம். 2004 சுனாமியில் பெரலியவில் அகப்பட்ட ரயிலை இழுத்தது எம்2 குடும்பத்தின் 591ஆம் இலக்க மனிடோபா. அதுகூடப் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ஓடியது.

தட்டைக் கண்ணாடி ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் பிரிட்டனின் கிளாஸ் 28இன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்ரோபொலிட்டன் விக்கர்ஸ் 1958, 1959இல் 20 எஞ்சின் கட்டியது. முகத்தில் வளைந்து திரும்புகிற நவீனக் கண்ணாடி. ஓடுகிற ஓட்டத்தில் அந்தக் கண்ணாடி கழன்று விழுந்தது. பிறகு முகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அடியில் ஒரு பக்கம் மூன்று அச்சு, மறுபக்கம் இரண்டு அச்சு. உள்ளே இருந்த குரொஸ்லி எஞ்சின் பாரத்தால் ஒரு முனைக்கு அதிகத் தாங்கல் வேண்டியிருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் போட்டவர் நடக்கிற மாதிரி. இதைப் பலர் உலகத்தின் முதலாவது அவலட்சணம் என்பார்கள். நான் பி.எல்.2க்கு அடுத்த இடம்தான் கொடுப்பேன். அந்த அச்சுகள் பாரத்தின் உண்மையையாவது சொல்கின்றன.

இன்னொன்று கிளேட்டன் எனப்படும் கிளாஸ் 17. நடுவிலே உயரமான கெபின், இரு பக்கமும் தாழ்ந்த மூக்கு, ஒவ்வொன்றிலும் 450 குதிரைவலு பக்ஸ்மன் எஞ்சின். 1962இலிருந்து 117 கட்டி, 1971க்குள் எல்லாவற்றையும் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஞ்சின்கள் அவ்வளவு தொல்லை கொடுத்தன. ஆனால் இதை அவலட்சணப் பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். டிரைவர் இரு திசையும் பார்க்க வேண்டும் என்று வரைந்த உடம்பு அது. எஞ்சின் கெட்டதற்கு உருவத்தைத் திட்டக்கூடாது.

பார்வை என்றதும் நம் பாதைக்குத்தான் திரும்பி வர வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அது உயிர்ப் பிரச்சினை. ஒற்றைக் கெபின் எஞ்சின் நீண்ட மூக்கை முன்னே விட்டு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் ஆர வளைவில், எஞ்சின் நோக்குகிற நேர்கோட்டிலிருந்து 30 மீட்டர் முன்னே தண்டவாளம் 4.5 மீட்டர் ஒதுங்கிப் போயிருக்கும். ஒரு லயத்து அறையின் அகலத்தைவிட அதிகம். வளைவு டிரைவர் இருக்கிற பக்கமாகத் திரும்பினால் பரவாயில்லை. மறுபக்கம் திரும்பினால் மூக்கு முழுதாக மறைத்துவிடும். அப்போது உதவி டிரைவரின் கண்தான் டிரைவருக்கும் கண். மண் சரிந்திருக்கிறதா, மாடு நிற்கிறதா, ஆள் நடக்கிறாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் டபிள்யூ.டி.பி.4 எஞ்சினுக்கும் இதே குறை வந்துதான் பிறகு இரட்டைக் கெபின் வைத்த டபிள்யூ.டி.பி.4டியைக் கட்டினார்கள். ஆகவே என் அளவுகோலை எம்2 மேலும் வைக்கிறேன்: குட்டை மூக்கு முன்னே வரும்போது அது அழகு, நீண்ட மூக்கு முன்னே வந்தால் அந்த அழகில் பாதி போய்விடுகிறது.

எம்4 பற்றித்தான் குழுக்களில் சண்டை அதிகம். 1975இல் மொன்ட்ரியலில் கட்டிய 14 எஞ்சின்கள், 1,750 குதிரைவலு, உள்ளே 12 சிலிண்டர் அல்கோ வகை டீசல் எஞ்சின். ஆறு அச்சிலும் மோட்டார். "கறுப்புப் புகை கக்குகிற பூதம்" என்று எழுதுகிறார்கள். புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அல்கோவுக்கு டர்போ உண்டு. டிரைவர் நொச்சை, அதாவது வலுவைக் கூட்டும் கைப்பிடியின் படியை, ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். டர்போ சுழன்று காற்றைத் தள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் முழுதாக எரியாத டீசல்தான் கறுப்பாக மேலே போகிறது. எம்2இலும் எம்6இலும் டர்போ இல்லை, எஞ்சினோடு கூடவே சுழலும் புளோவர்தான். அதனால் அந்தத் தாமதமும் இல்லை. புகையை வைத்து எம்4ஐ அவலட்சணம் என்பது தவறு. அதன் உடம்பில் எனக்கிருக்கிற குறை வேறு: மூன்று அச்சு போகி (அடியில் உள்ள சக்கரத் தொகுதி) நம் வளைவுகளில் சக்கர விளிம்பைத் தேய்த்துக் கிறீச்சிடுகிறது. உருவம் இடத்துக்குப் பெரிது. அழகி இல்லைதான். அவலட்சணமும் இல்லை.

எம்6ஐ யாரும் அழகு என்றும் சொல்வதில்லை, அசிங்கம் என்றும் சொல்வதில்லை. எனக்கு இது வருத்தம். ஜெர்மனியின் ஹென்ஷெல் கட்டியது, உள்ளே 12 சிலிண்டர் 645 வகை எஞ்சின், 1,650 குதிரைவலு. நம் மலைப்பாதையின் பாரத்தை இத்தனை வருடம் இழுத்தது பெரும்பாலும் இதுதான். போகியில் மூன்று அச்சு, ஆனால் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது, பாரத்தைப் பகிர மட்டும். ஆகவே பிடிப்பு நான்கு அச்சில்தான். 44க்கு 1 என்ற ஏற்றத்தில் வட்டவளைப் பக்கத்து மழையில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுகிற மணல் பெட்டிதான் கை கொடுக்க வேண்டும். இதையெல்லாம் பக்கவாட்டில் நின்றால் பார்க்கலாம்: மணல் குழாய் எந்தச் சக்கரத்துக்கு முன்னே இறங்குகிறது, அடிச்சட்டம் எவ்வளவு நேராக ஓடுகிறது என்று. நேர்கோடுகள் மட்டுமே உள்ள உடம்பு. எனக்கு அது நிறைவாக இருக்கிறது.

இலங்கையில் எனக்குப் பிடிக்காத உடம்பு எம்9. 2000ஆம் ஆண்டு அல்ஸ்தோமிடமிருந்து வந்த 10 எஞ்சின், 3,200 குதிரைவலு. முகத்தைப் பார்த்தால் பலருக்குப் பிடிக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: அகலமான பெரிய சுவர், கண் நிற்க ஓர் இடம் இல்லை. உள்ளே எஞ்சின் எங்கே, காற்று எங்கே போகிறது, ஆள் எங்கே நுழைகிறார் என்று எதுவும் சொல்லாத சுவர். நம் பாதைக்கான எஞ்சின் அது இல்லை என்பதும் உண்மை. இந்தியாவிலிருந்து வந்த எம்8 கூட நீளத்தாலும் பாரத்தாலும், மலை ஏற்றம் தொடங்குகிற ரம்புக்கனைக்கு மேலே வருவதில்லை. சீனத்து எஸ்12 டீசல் ரயில் தொடரின் முகமும் இதே வகை. ஆனால் இரு முனையிலும் கெபின் இருப்பதால் டிரைவரின் கண்ணை அது மறிப்பதில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

பிறந்த உருவத்தைவிட, பிறகு நாம் செய்கிற கெடுதல்தான் பெரிது. புதிய எஞ்சின் பொருத்தும்போது உயரம் ஒத்துவராமல் கூரையைத் தூக்குவது, காற்றுத் துவாரத்தை அடைத்து வேறிடத்தில் வெட்டுவது, பழைய பெயின்டைச் சுரண்டாமல் மேலேமேலே பூசுவது. நம் மழையில் அடித்தட்டின் மூட்டுகளில் தண்ணீர் தங்கி, பூச்சுக்கு அடியிலேயே துரு ஓடுகிறது. பிறகு கட்டிகட்டியாக உதிரும். அந்த எஞ்சினைப் படமெடுத்துப் போட்டு "அசிங்கமான டிசைன்" என்று எழுதுகிறார்கள். டிசைன் அதற்குப் பொறுப்பில்லை.

படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். தீர்ப்புக்கு முன் மூன்று படம் எடுங்கள். பாதைக்கு மேலே உள்ள மண்மேட்டிலிருந்து, தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நின்று, கூரை தெரிகிற மாதிரி ஒன்று: புகைபோக்கி, விசிறி, அழுக்கு படிந்த இடங்கள் எல்லாம் தெரியும். ஸ்டேஷனில் நிற்கும்போது பிளாட்பாரத்திலிருந்து நேர்ப் பக்கவாட்டில் ஒன்று. கெபின் ஜன்னல் மட்டத்தில், டிரைவருக்கு எது தெரியும் எது மறையும் என்று விளங்குகிற மாதிரி ஒன்று. பிறகு மூன்றையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், பூச்சு ஏமாற்றாது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் வழியாகப் போகிறவர்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வளைவுகளில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே எஞ்சினைக் கவனியுங்கள். மிதிபலகையில் தொங்க வேண்டாம். அந்தப் படங்களைக் கீழே போடுங்கள், பி.எல்.2ஐவிட மோசமானது ஒன்று இருந்தால் நான் என் பட்டியலை மாற்றிக்கொள்கிறேன்.