பழைய லென்ஸ் வாங்கப் போறீங்களா? டார்ச் லைட்டோடு போங்க

"ஹீலியாஸ் லென்ஸ் வாங்கலாமாண்ணே?" இந்த மாசம் மட்டும் மூணு பேர் இன்பாக்ஸில் கேட்டாச்சு. மூணு பேருமே அந்தச் சுழலுற பொக்கே (மங்கலான பின்னணி) ரீலைப் பார்த்து மயங்கினவங்க. பேரைப் பார்த்து வாங்காதீங்க தம்பிகளா, கையில் இருக்கிற அந்த ஒரு லென்ஸ் எப்படி இருக்குன்னு பார்த்து வாங்குங்க.

ஹீலியாஸ் 44-2 மட்டமான லென்ஸ் இல்லை. 58 எம்எம், எஃப் 2 (எஃப் எண் குறைய குறைய வெளிச்சம் அதிகம் புகும்). ஜெர்மன் பயோட்டார் லென்ஸை ஒட்டி சோவியத்தில் செய்தது. ஜெனிட் கேமராவோடு ஏகப்பட்டது வெளிவந்ததால்தான் இன்னும் மலிவு. ஆனா அந்தச் சுழல் வர, பின்னாடி இலைதழை வேணும், அபர்ச்சர் (வெளிச்சம் புகுற துளை) முழுசா திறந்திருக்கணும். சின்ன சென்சார் இருக்கிற ஏபிஎஸ்-சி கேமராவில் ஓரமே வெட்டுப்பட்டுடும், சுழல் இருக்கிறதே அந்த ஓரத்தில்தான்!

முதல் லென்ஸுக்கு என் ஓட்டு பென்டாக்ஸோட சூப்பர் டாக்குமர் 55 எம்எம்முக்கு. போகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி திரும்பும். எஃப் 1.8-க்குத்தான் அடிபிடி. உள்ளே அதே கண்ணாடி அமைப்போடு எஃப் 2-ன்னு ஒண்ணு உண்டு, கிடைச்சா பேரம் பேசி வாங்கிடுங்க.

என் கதையைக் கேளுங்க. "மின்ட் கண்டிஷன்"னு ஆன்லைனில் ஒண்ணு வாங்கினேன். பார்சலைப் பிரிச்சு, அபர்ச்சரை முழுசா திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடிச்சா, ஓரத்தில் சிலந்திவலை மாதிரி மெல்லிசு மெல்லிசா இழை. பங்கஸ், அதாவது பூஞ்சை. விற்றவர், "தூசி சார், படத்துல தெரியாது"ன்னார். சாதாரண வெளிச்சத்தில் தெரியலைதான். வெயிலைப் பார்த்து எடுத்தா படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி. சுத்தம் பண்ணக் கேட்ட கூலி, லென்ஸ் விலையில் பாதி. நம்ம கடலோரக் காற்றுக்கு, காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் முதல் நாளே வாங்கிடணும்.

கண்ணாடி மஞ்சளா இருந்தா மட்டும் பயப்படாதீங்க. சில டாக்குமர்களில் தோரியம் கலந்த கண்ணாடி, வருஷக்கணக்கில் பழுக்கும். ஜன்னலோரம் சில நாள் வெயில் காட்டினா வெளுக்கும். (திரைச்சீலையை ஒதுக்கி வைங்க, லென்ஸ் பூதக்கண்ணாடி வேலையும் பார்க்கும்.)

மிரர்லெஸ் கேமரான்னா அடாப்டர் போட்டா எல்லாம் உட்காரும். 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யட்டும்'னு மெனுவில் மாத்திக்கணும், அவ்வளவுதான். கேனான் இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் எம்42 (மேலே சொன்ன ரெண்டு லென்ஸிலும் இருக்கிற, திருகி மாட்டுற மவுண்ட்) ஒத்துவரும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்காரங்க மட்டும் எம்42 பக்கம் போகாதீங்க. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே எம்42-க்கு 45.46 மி.மீ. தூரம் வேணும், நிக்கானில் 46.5. அந்த ஒரு மில்லிமீட்டரில் தூரத்து போகஸ் போச்சு. உங்களுக்கு நிக்கானோட பழைய ஏஐ நிக்கோர் 50 எம்எம் லென்ஸ் இருக்கே!

அந்தப் பங்கஸ் லென்ஸ் இன்னும் என்கிட்டதான் இருக்கு, தனி டப்பாவில். விற்கலாம்னு உள்ளதைச் சொல்லிப் பதிவு போட்டேன். ஒருத்தரும் படம் கேட்கலை, "லாஸ்ட் பிரைஸ்?"னு மட்டும் பதினோரு பேர்.