வடசென்னை பாப்-பங்க் பசங்களின் முதல் ஆல்பம்: காசு டிரம்ஸுக்கு, நேரம் வரிகளுக்கு

முதல் ஆல்பம் போடப்போகிற வடசென்னை பாப்-பங்க் (வேகமான கிடாரும் சட்டென்று ஒட்டிக்கொள்கிற மெட்டும் சேர்ந்த ராக் வகை) பசங்க கையில் பத்து ரூபாய் இருந்தால், நாலு ரூபாயை டிரம்ஸ் பதிவுக்கு ஒதுக்குங்கள். மூணு ரூபாய், பதிந்த சத்தங்களை அளவாகக் கலக்கிற மிக்ஸிங்குக்கு. மிச்சத்தில் மற்றதெல்லாம். வீடியோவுக்கு இப்போது ஒரு பைசா வேண்டாம். கையில் இருபது நாள் இருந்தால் அதில் பத்து நாளைப் பாட்டு வரிகளுக்குக் கொடுங்கள். கிடார், பெடல், ஆம்ப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பாடகன் வாயில் வரி எப்படி உட்காருகிறது என்று பேசுவதே இல்லை. தமிழ் பாப்-பங்க் சறுக்குவது அங்கேதான்.

கணக்காகவே சொல்கிறேன். 180 பிபிஎம் (நிமிஷத்துக்கு 180 பீட்) பாட்டில் ஒரு பீட் 333 மில்லிசெகண்ட். அரை பீட் 167. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலை அரை பீட்டிலும் நெடிலை ஒரு பீட்டிலும் வைத்தால் வரி தானாக ஓடும், யாரும் கஷ்டப்பட வேண்டாம். மாற்றி வைத்தால் அர்த்தமே போய்விடும். இங்கிலீஷில் அழுத்தம்தான் முக்கியம். உயிரெழுத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் பெரும்பாலும் அதே வார்த்தைதான். நமக்கு அப்படியில்லை. கோரஸில் ‘என்ன விடு’ என்று கத்த வேண்டும், ஸ்னேர் (‘டப்’ என்று வெடிக்கிற டிரம்) விழுகிற இரண்டாவது பீட்டில் ‘வி’ வந்து உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே மெட்டு நீளமாக இருந்தால் பாடகன் இழுப்பான். கேட்கிறவர் காதில் விழுவது ‘என்ன வீடு’. கொடு கோடாகும், மலை மாலையாகும், படு பாடாகும்.

இதைச் சரிசெய்வது சுலபம். ‘வி’யை ஸ்னேருக்கு அரை பீட் முன்னால் தள்ளுங்கள். ஸ்னேர் ‘டு’ மேல் விழட்டும். இழுக்க வேண்டுமென்றால் அந்த ‘டு’வை இழுங்கள், பொருள் கெடாது. கோரஸின் கடைசி எழுத்து மட்டும் முடிந்தவரை வாய் திறந்த நெடிலாக இருக்கட்டும்: வா, போ, தா, ஏரியா. நெடிலை இழுக்க நம் இலக்கணமே அளபெடை என்று இடம் வைத்திருக்கிறது. ‘கோபம்’ என்று முடித்தால் ‘ம்’மில் வாய் மூடிக்கொள்ளும். அந்த நொடியில் இரண்டு பக்கக் கிடாரும் பாடகனை விழுங்கிவிடும்.

இதில் நம்ம ஊர்ப் பேச்சு பெரிய வரம். ‘இருக்கிறது’ என்று மேஜையில் தட்டிப் பாருங்கள், ஐந்து தட்டு. ‘கீது’ இரண்டே தட்டு. ‘வந்துகொண்டிருக்கிறான்’ ஏழு. ‘வந்துனுகீறான்’ ஐந்து. வேகப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எங்கே இருக்கிறது? ராயபுரத்துப் பையன் மைக் முன்னால் நின்றதும் அமெரிக்க பாப்-பங்க் பாடகர்களின் கலிபோர்னியா மூக்குக்குரலைக் கொண்டுவருகிறான், இல்லையென்றால் சினிமாப் பாட்டுத் தமிழுக்குத் தாவுகிறான். இரண்டுமே வேண்டாம். வீட்டில் அம்மாவோடு சண்டை போடுகிற குரலில் பாடுங்கள். ழகரம் யகரமாக விழுந்தால் விழட்டும், அதற்காக அந்த டேக்கை (ஒரு தடவை பாடிப் பதிந்ததை) தூக்கிப் போடாதீர்கள். கானா இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு எத்தனை தலைமுறையாகப் பாடிக்கொண்டிருக்கிறது! 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவையும் ராக் கிடாரையும் ராப்பையும் ஒரே மேடையில் நிற்க வைத்துக் காட்டியது. கதவு எப்போதோ திறந்தாகிவிட்டது.

இப்போது டிரம்ஸ். பாப்-பங்க் ஆல்பம் மலிவாகக் கேட்கிறது என்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி டிரம்ஸ்தான். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் இருக்கிற நம்ம தெருவில் டிரம்ஸ் பதிவு நடக்காது. பெரிய ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகாது. என் யோசனை கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. சின்ன மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாரநாளில் பகல் வாடகைக்குப் பேசிப் பார்க்கலாம். ஆடி ஞாயிறு மட்டும் வேண்டாம், கூழ் ஊற்றுகிற இடத்து ஸ்பீக்கர் டிரம்ஸுக்கு மேலே வைக்கிற உங்கள் ஓவர்ஹெட் மைக்கில் ஏறிவிடும். மார்கழி என்றால் விடிகாலையைத் தவிர்த்துப் பதினொரு மணிக்கு மேல் தொடங்குங்கள். லாரி போகிற மெயின் ரோட்டை ஒட்டிய மண்டபமும் உதவாது, காலால் அடிக்கிற கிக் டிரம்மின் சத்தத்துக்கு அடியில் அந்த உறுமல் உட்கார்ந்துகொள்ளும்.

டைல்ஸ் தரை எதிரொலி கொடுக்கும். டிரம் செட்டுக்கு அடியில் இரண்டு ஜமக்காளம், பின்சுவரில் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த கனத்த திரை. ஃபேனும் ஏசியும் நிறுத்தியாக வேண்டும், அதனால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை பத்து நிமிஷம் இடைவேளை. மணமகள் அறையில் கிடார் ஆம்ப் வைக்கலாம்.

மைக் நாலு போதும்: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்கட்டும். மறுமுனையை முதல் ஓவர்ஹெட் மைக்குக்குக் கொண்டுபோங்கள், மூன்றரை நாலு அடி இருக்கும். அங்கே ஒரு முடிச்சு. அதே முடிச்சு இரண்டாவது மைக்கையும் தொட வேண்டும். ஒரு அடி வித்தியாசம் வந்தாலே ஒரு மைக்குக்குச் சத்தம் ஒரு மில்லிசெகண்ட் போல லேட்டாகப் போகும். ஸ்னேர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும், இரண்டும் சேரும்போது சப்பையாகிவிடும். இதை எந்தப் பிளக்-இன் மென்பொருளும் முழுசாகச் சரிசெய்யாது. ஒரு நூல் செய்யும்.

ஸ்னேருக்குப் புதுத் தோல் கண்டிப்பாக. டிரம்மர் சிம்பலை மெதுவாகவும் ஸ்னேரை பலமாகவும் அடிக்கப் பழக வேண்டும். மேடையில் பழகிய கை இதற்கு நேரெதிராக அடிக்கும், அப்புறம் ஓவர்ஹெட்டில் சிம்பல் மட்டும்தான் கேட்கும். பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், அதிகபட்ச அடி மைனஸ் 10 டெசிபெல்லில் நின்றால் போதும். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றாதீர்கள். கிளிக்கோடு (காதில் சீராக ஓடுகிற தாளத் தட்டு) ஒரு வாரம் பயிற்சி செய்யுங்கள், அதுவும் பத்து பிபிஎம் குறைத்து. பாடகன் வார்த்தை புரியும்படி பாட முடிகிற வேகம்தான் பாட்டின் வேகம். டிரம்மரால் 200-ல் அடிக்க முடியும் என்பது ஒரு காரணமே இல்லை.

கிடாரில் நடக்கிற பெரிய தப்பு கெய்ன், அதாவது ஆம்பில் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற அளவு. மேடையில் வைக்கிற அளவில் பாதி வையுங்கள். ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடது ஓரம், மற்றதை வலது ஓரம் போடுங்கள். ஒரு டேக்கையே காப்பி செய்து இரண்டு பக்கமும் வைத்தால் அகலமே வராது, நடுவிலேதான் கேட்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் டியூன் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று வேறு. கம்பி சீக்கிரம் துருப்பிடித்து மங்கலாகப் பேசும். பதிவுக்கு முந்தின நாள் புதுக் கம்பி மாட்டி நன்றாக இழுத்துவிட்டு, வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள். ஆம்ப் ‘ம்ம்’ என்று முனகினால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட், முதலில் எர்த் பாருங்கள். முனகல் போகட்டும் என்று மூன்றாவது பின்னைப் பிடுங்கிவிட்டு மாட்டுகிற பழக்கம் உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். பேஸ் கிடாரை பிக்கால் வாசித்து நேராக இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டரோடு இணைக்கிற பதிவுப் பெட்டி) செருகினால் போதும்.

பறையோ டோலக்கோ சேர்க்க ஆசைப்பட்டால் நல்ல ஆசைதான். ஆனால் வேகமான கோரஸில் வேண்டாம், ஸ்னேரும் பறையும் ஒரே நொடியில் மோதி இரண்டும் குழம்பும். பாட்டு பாதி வேகத்துக்கு இறங்குகிற இடத்தில் விடுங்கள். பறையைக் காய்ச்சி எடுத்த சூட்டோடு டேக் போக வேண்டும். நம்ம ஊர் ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும், அதனால் மைக் எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும்.

பத்து பாட்டு, அரை மணி நேரம். அதற்கு மேல் முதல் ஆல்பத்தில் இழுக்காதீர்கள். அமெரிக்க பங்க் குழு ரமோன்ஸின் 1976 முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிஷம். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தின கடைசிச் சீரமைப்பில், சத்தத்தை நசுக்கி ஏற்றுவதால் பயனில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் சத்தமான பாட்டைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) இறக்கித்தான் ஒலிக்கவிடும்.

யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவு தொடங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு நண்பர்களுக்குள் இந்தப் பேச்சை எடுப்பது ரொம்பக் கஷ்டம். 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. வெளியீட்டாளர் நீட்டுகிற காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மிக்ஸ் முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண போனின் ஸ்பீக்கரில் கோரஸை மட்டும் போடுங்கள். பாட்டை இதுவரை கேட்காத ஒருவர், பக்கத்து வீட்டு அத்தையாக இருந்தால் இன்னும் நல்லது, காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தரட்டும். ‘விடு’ என்கிற இடத்தில் அவர் ‘வீடு’ என்று எழுதியிருந்தால் மிக்ஸிங் இன்ஜினியருக்குப் போன் போடாதீர்கள். பாடகனைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியை மறுபடி பாடச் சொல்லுங்கள்.