நீலகிரிப் புல்வெளிக்கு மூலப்பத்திரம்

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் நெருங்கினால் டைம்லைனில் ஒரு படம் கட்டாயம் வரும். நீலகிரியில் ஏதோ ஒரு புல்மேடு, வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு கன்று, பின்னால் ஒரே நிற டி-ஷர்ட்டில் தன்னார்வலர்கள். "மொட்டை மலையைப் பசுமையாக்குகிறோம்" என்று கீழே எழுதியிருக்கும். லைக் அள்ளும். எனக்கு வயிறு எரியும். அந்த மலை மொட்டையாகக் கிடக்கவில்லை ஐயா, புல்வெளியாக இருந்தது. அதுவும் பல்லாயிரம் ஆண்டுகளாக.

அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்தச் சண்டை ஆங்கிலேயர் காலத்திலேயே உண்டு. புல்வெளியும் சோலைக்காடும் (மலைப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடு) பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இந்த மலையின் இயல்பு, திறந்த வெளியில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது என்று 1938இல் எழுதினார் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன். அதே ஆண்டு என். எல். போர் (Bor) என்ற தாவரவியலாளர் எதிர்க்கட்சி எடுத்தார். காடாக இருந்ததைத் தீ வைத்தும் மாடு மேய்த்தும் மனிதர்கள்தான் புல்லாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். மரம் நட ஆசைப்பட்டவர்களுக்கு இந்த இரண்டாவது வாதம்தான் வசதி. கெட்டுப்போன காடு என்று சொல்லிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் நடலாம் இல்லையா? கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம், சீயக்காய் இல்லை) பைனும் மேடு மேடாக ஏறின. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் அதிகாரிகள் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது.

இப்படி ஆளுக்கொன்று பேசும் நில வழக்கில் மூலப்பத்திரத்தை எடுத்துப் போட்டால்தான் தீரும். நீலகிரியின் மூலப்பத்திரம் சதுப்புக்குள் இருந்தது.

புல்மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் ஆண்டு முழுக்க நீர் தேங்கி நிற்கும். நீருக்கடியில் ஆக்சிஜன் போகாது, மேலே குளிர். அங்கே செத்து விழும் புல்லும் கோரையும் முழுதாக மக்குவதில்லை. கறுப்பாக, நார்நாராக, அடுக்கடுக்காகப் படிகின்றன. இதுதான் பீட் (நர்சரியில் விற்கும் கோகோபீட் இல்லை, அசல்). ஈரமாக ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கரும்பழுப்பு நீர் வடியும், உள்ளங்கையில் வேர்த்தும்புகள் மிஞ்சும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட படிவு இருக்கிறது.

அதில் மகரந்தத் தூள் கிடைக்கும்தான். ஆனால் புல் வகைகளின் மகரந்தம் மைக்ரோஸ்கோப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், எந்தப் புல் என்று பிரித்துச் சொல்வது கடினம். அங்கேதான் வேதியியல் வருகிறது. காற்றில் இருக்கும் கார்பனில் பெரும்பங்கு கார்பன்-12. நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சற்றுக் கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கை செய்யும் விதத்தை வைத்துச் செடிகளைச் சி3, சி4 என்று பிரிப்பார்கள். மரங்கள், நெல், கோதுமை எல்லாம் சி3 வகை, கனமானதை நிறையவே ஒதுக்கிவிடும். சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, வெப்பநாட்டுப் புற்களில் பல சி4 வகை, அவ்வளவாக ஒதுக்காது. ஆய்வகக் கணக்கில் சி3 தாவரம் சுமார் மைனஸ் 27 காட்டும், சி4 சுமார் மைனஸ் 13 (கனமான கார்பன் குறையக் குறைய எண் இன்னும் கீழே போகும்). செடி மக்கிக் கறுத்த பிறகும் இந்த வித்தியாசம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். (தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று பிடிப்பதும் இதே உத்தியில்தான்.)

பீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, பின்னாளில் உள்ளே இறங்கிய வேர்களைப் பொறுக்கி எறிந்து, அமிலத்தில் கழுவி, உலர்த்தி, எரித்து, வரும் வாயுவில் கார்பன்-13 எவ்வளவு என்று அளப்பார்கள். அடுக்கின் வயதைக் கணிக்க, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14. யானை ஆராய்ச்சிக்குப் பெயர்போன ராமன் சுகுமார், அகமதாபாத்தின் ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டது நீலகிரி பீட்டைப் பற்றிய இந்த ஆய்வைத்தான். பனியூழியின் (ஐஸ் ஏஜ்) உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், மலை வறண்டிருந்தது, சி4 புற்கள் ஓங்கியிருந்தன. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் பெருகின. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை மறுபடி வறட்சி. 1997இல் இதே பதிவை 40,000 ஆண்டுகள் வரை நீட்டினார்கள். மேய்ச்சலும் உழவும் மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல்வெளி இருந்திருக்கிறது.

இதை வைத்து மிகையாகப் பேசவும் கூடாது. பனியூழியில் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் குறைவு. அதுவும் சி4 புல்லுக்குச் சாதகம்தான், எல்லாவற்றையும் மழைக் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. பின்னால் மண்ணின் கார்பனை ஆராய்ந்தவர்கள், மலையின் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்றும் காட்டினார்கள். காடாக இருந்து மனிதரால் குறைந்த இடங்களும் உண்டு. என். எல். போர் சொன்னது முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "புல்வெளி எல்லாமே அழிந்த காடு" என்ற பேச்சு இனி எடுபடாது.

சரி, புல்லுக்குப் பதில் மரம் இருந்தால் என்ன கெட்டுவிடும்? தண்ணீர் கெடும். நீலகிரியின் க்ளென்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் கற்பூர மரம் நட்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. அப்புறம் வரையாடு. மாநில விலங்கு என்று போஸ்டர் ஒட்டுகிறோம், அது சீகைத் தோப்புக்குள் எதை மேயும்?

எனக்கு இன்னும் பெரிய கோபம் சதுப்பு விஷயத்தில்தான். சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கேரட் போடுகிறார்கள், பொக்லைன் விட்டு நிரப்பி காட்டேஜ் கட்டுகிறார்கள். நீர் வடிந்தால் ஆக்சிஜன் இறங்கும், அத்தனை ஆயிரம் ஆண்டு மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கும், கார்பன் காற்றில் போய்ச் சேரும். ஏரை ஓட்டிவிட்டால் அடுக்கும் குலையும். எது எந்தக் காலத்தது என்று அப்புறம் எந்த மெஷினாலும் சொல்ல முடியாது. தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் புல்லும் இந்த ஈரத்தில் வளர்வதுதான். அதைத் தேடி இப்போது வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது.

"அப்போ மரமே நடக்கூடாதா?" என்று கமெண்ட் வரும், தெரியும். தாராளமாக நடுங்கள். உங்கள் தெருவில், ஏரிக்கரையில், சமவெளியில் எங்கு வேண்டுமானாலும். நீலகிரியில்தான் நடுவேன் என்றால் சிதைந்த சோலையின் ஓரத்தில், சோலை மரங்களையே, விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு நடுங்கள். புல்மேட்டில் கை வைக்காதீர்கள். அங்கே வேலை செய்யத்தான் வேண்டுமென்றால் சீகைக் கன்று பிடுங்க வாருங்கள். மரத்தை வெட்டினாலும் விதை பல்லாண்டு மண்ணில் உயிரோடு கிடந்து மழைக்கு மழை முளைக்கும். ஒரு நாளில் முடியாது, ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும். ஃபோட்டோவுக்கு அவ்வளவு அழகாக இருக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.