90 நாள் தொல்லை

ஐரோப்பாவை நிதானமாகச் சுற்ற நினைப்பவர்களுக்கு பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் 90 நாள் கணக்கைப் போல எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். அதுவும் நாட்டுக்கு 90 இல்லை. போர்ச்சுகல் முதல் பின்லாந்து வரை 29 நாடுகளுக்கும் சேர்த்தே 90. கையில் ஐந்து வருட விசா இருந்தாலும் இதே கதைதான்.

அப்புறம் அந்த எண்ணும் முறை! ஜனவரியில் புதிதாகத் தொடங்கும் கணக்கு என்றாலாவது பரவாயில்லை. இது தினமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எல்லையில் நிற்கும் நாளிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். இரவு பதினொரு மணிக்கு இறங்கினாலும் அது முழு நாள். விடியற்காலையில் கிளம்பினாலும் முழு நாள். மலைப்பாதையில் நடக்கும்போதுகூட மனசு விரல் மடக்கிக்கொண்டே இருக்கிறது.

ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் செர்பியாவிலோ அல்பேனியாவிலோ ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று தங்கும் விடுதிகளில் யாராவது சொல்கிறார்கள். தொடங்காது. வெளியே இருக்கும் நாள்கள் கணக்கில் ஏறாது, அவ்வளவுதான்.

சொந்தக் காசில், யார் வேலையையும் பறிக்காமல் மெதுவாகப் பயணம் போகிறவருக்குத் தனி விசா கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே அப்படி ஒரு சுற்றுப்பயண விசாவை முன்மொழிந்தது. ஒரே நாட்டில் 90 நாளைத் தாண்டாமல் ஒரு வருடம்வரை சுற்றலாம் என்றார்கள். பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.