நிலைகுலையாமை வேறு, துல்லியம் வேறு
மறைமுகக் கணிப்பு முறை (அடுத்த கணத்தின் நீர்மட்டத்தை எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்தே தீர்க்கும் கணினிக் கணக்கு) எவ்வளவு பெரிய காலப்படிக்கும் (கணக்கு ஒரு தாவலில் முன்னேறும் நேரம்) நிலைகுலையாது, அதாவது விடை கட்டுமீறிப் பெருகாது, ஆகவே மலையக ஓடைகளின் திடீர் வெள்ளத்தைக் கணிக்க அதுவே போதும் என்கிறது வெள்ளக் கணிப்பு பற்றிய இந்தக் கட்டுரை. முதல் பாதி பொதுவாகச் சரி. அந்த 'ஆகவே'தான் இடிக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆழம் 1 மீட்டர், ஓட்டம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால், அலையின் வேகம் சுமார் 3.1 மீட்டர், இரண்டும் சேர்ந்து 7.1. ஓடையை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால், ஒரு காலப்படியில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டக்கூடாது என்று கணிதவியலாளர்கள் கூராண்ட், பிரீட்ரிக்ஸ், லூயி மூவரும் 1928இல் சொன்ன நிபந்தனைப்படி, சாதாரண வெளிப்படை முறையில் (ஒவ்வொரு கட்டத்தையும் முந்தைய கணத்தின் அளவுகளைக் கொண்டே தனித்தனியாகக் கணக்கிடுவது) காலப்படி 1.4 விநாடியைத் தாண்டக்கூடாது. மறைமுக முறையில் 1 நிமிடம் வைத்தாலும் கணினி முறைக்காது. ஆனால் அதற்குள் அலை 40 கட்டங்களுக்கு மேல் கடந்துவிடும், வெள்ளத்தின் உச்சம் மழுங்கிப்போகும். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வாசல்வரை தண்ணீர் வருமா என்பதைத் தீர்மானிப்பதே அந்த உச்சம்தானே? போதாததற்கு, இங்கே ஓட்டம் அலையை முந்துகிறது. பாறைக்குக் கீழே நீர் திடீரென எழும்பும் இடங்களில், சமவெளி ஆறுகளுக்குப் பழகிய பிரெய்ஸ்மான் முறை என்ற மறைமுகக் கணக்கு தடுமாறும். வேகமான கணினி வாங்கினால் தீரும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். மழை அளவு மணிக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், விநாடிக் கணக்குப் போட்டு என்ன பயன்? கவாத்து முடிந்த மலையிலிருந்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சிகள்) அடித்துவந்து மதகை அடைத்துக்கொண்டால் எல்லை நிபந்தனையே (ஓடையின் முனைகளில் நீர் எப்படி நுழைந்து வெளியேறும் என்று கணக்குக்குக் கொடுப்பது) மாறிவிடும். கட்டுரையின் படத்தில் எல்லா மதகும் திறந்தே கிடக்கிறது.