நாமினி வேறு, வாரிசு வேறு

"மனைவியை நாமினியாகப் போட்டாச்சு, பணமெல்லாம் அவருக்குத்தான், உயில் எழுத வக்கீலுக்குக் கொடுப்பது தண்டம்" என்று ஒருத்தர் இணையத்தில் எழுதியிருக்கிறார், அதற்கு நிறைய லைக் வேறு. தப்புங்க. நமக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள நாம் பெயர் கொடுத்து வைத்திருப்பவர்தான் நாமினி; வங்கி அவர் கையில் பணத்தைக் கொடுக்கும், அவ்வளவுதான். அதை அவர் சட்டப்படியான வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர், சொந்தக்காரர் இல்லை. பங்கு, மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதேதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பொதுவாக அந்தத் தொகை அவர்களுக்கே.

சரி, உயில் இல்லையென்றால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, ஒரு மகன், ஒரு மகள், அம்மா இருக்கும் ஒருத்தர் இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு நாலு சம பங்கு. அம்மாவுக்கும் கால் பங்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க அவர்களைப் பெற்ற தாயே கோர்ட் அனுமதி வாங்கணும், அவசரத்துக்கு வீட்டை விற்கலாம் என்ற நினைப்பெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை (ஆனாலும் பதிவு செய்வது நல்லது). இரண்டு சாட்சிகள் கையெழுத்து கட்டாயம். வெள்ளைத்தாளில் நாமே எழுதலாம்தான், ஆனால் வீட்டுக்கடன், கூட்டுப்பட்டா, பூர்வீகப் பங்கு என்று எதாவது இருந்தால் ஒரு சிவில் வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டிவிட்டு எழுதுங்கள்.